இரத்தலும் கேட்டலும்



ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய சில வினைச்சொற்களைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

ஒருவரிடம் ஒன்றை வேண்டுவதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. அவை யாவும் ஒரே எடையுடையன அல்ல. 'ரிக்வெஸ்ட்' என்பது மரியாதையுடன் கேட்டல். 'பெக்' என்பது இரத்தல். பிச்சை எடுத்தலைக் குறிப்பதும் அச்சொல்லே. 'என்ட்ரீட்' என்பது வருந்தி வேண்டுதல். 'இம்ப்ளோர்' என்பது அழுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரினின்று வந்தது. கண்ணீரோடு கெஞ்சுதல் அதன் பொருள். 'பிசீச்' பழஞ்சொல், வழிபாட்டிலும் செய்யுளிலும் காணலாம். தேடுதலைக் குறிக்கும் 'சீக்' என்பதோடு உறவுடையதாதலால், 'சீக்' 'சாட்' ஆவதுபோல் இதுவும் இறந்த காலத்தில் 'பிசாட்' ஆகும். 'பிளீட்' என்பதற்கு இருபொருள் உண்டு. நீதிமன்றத்தில் வாதிடுதலும் அதுவே, கெஞ்சுதலும் அதுவே. நம் 'மன்றாடுதல்' என்னும் சொல்லும் அத்தகையதே.

இலக்கணத்தையும் மனத்திற் கொள்க. 'ரிக்வெஸ்ட்' வினையாக வருங்கால் அதன்பின் 'ஃபார்' சேர்த்தல் பிழை. 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்' என்பதே முறை. 'பெக்', 'பிளீட்' என்பவற்றோடு 'ஃபார்' வரலாம். யாரிடம் மன்றாடுகிறோமோ அவருக்கு முன் 'பிளீட் வித்' என வரும்.

இனி, எச்சொல்லை எங்கு வழங்குவது? தாழ்ந்தோன் 'ஈ' என்றும், ஒத்தோன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பான் எனத் தொல்காப்பியம் வகுத்தது. கேட்கும் சொல்லிலேயே கேட்பவனின் நிலை தெரிந்துவிடும். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக 'ஈ' என்றே கேட்கும்படி வைக்கப்பட்டனர். வெள்ளையர் ஆட்சிக்கால மனுக்களின் 'ஐ ஹம்ப்ளி பெக்' என்னும் தொடரும் அந்த வழியில் வந்ததே. அது இன்றும் நம் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களில் தலைகாட்டுகிறது.

இளைஞர்களே! மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944 முதல் வழங்கப்படுகிறது. அது எவரும் இடும் பிச்சையன்று. பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் வளர்ப்பது அரசின் கடமை என்று, அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு கூறுகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குடிமகனின் விண்ணப்பத்தை 'ரிக்வெஸ்ட்' என்றே குறிக்கிறது. காரணம் கூறவும் அவனை வற்புறுத்துவதில்லை.

ஆகவே, உரிமையுள்ள இடத்தில் 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு சாங்ஷன் தி ஸ்காலர்ஷிப்' என்று எழுதுங்கள். அதில் பணிவு உண்டு, தாழ்வு இல்லை. ஓர் உயிரைக் காக்க வேண்டி நிற்கும்போது 'இம்ப்ளோர்' என்பது இழுக்காகாது. 'ஐ பெக் யுவர் பார்டன்' என்பதும் வெறும் நாகரிக வழக்கே. எல்லாச் சொற்களையும் கற்றுக்கொள்ளுங்கள். எதை எங்கு எழுதுவது என்பதை நீங்களே தெரிந்து எழுதுங்கள்.