எதிர்காற்றும் முன்வண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையிலே வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் கற்றறிந்த சான்றோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு என்னைப் பேசுமாறு பணித்த செயலாளரிடம், "எனக்கு ஓரளவு தெரிந்தது மிதிவண்டிப் பந்தயம் ஒன்றுதான்" என்றேன். "அதையே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆதலின் இவ்வுரையில் குற்றம் காணின், பாதி அவரைச் சாரும்.

நான் பந்தய வீரன் அல்லன். சித்தூரில் பள்ளி ஆசிரியன். ஆயினும், மார்ச்சு முதல் அக்டோபர் வரை ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் நடைபெறும் பந்தயங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலிருந்தே தொடர்ந்து வருகிறேன். நமக்குத் தைப்பொங்கல் தொடங்கித் தீபாவளி வரை பண்டிகைகள் வரிசையாக வருவது போல, அவர்களுக்கும் பந்தயங்கள் வரிசையாக வருகின்றன. மார்ச்சில் மிலான்–சான்ரெமோ, ஒரே நாளில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஏப்ரலில் பிளாண்டர்ஸ் பந்தயம், அடுத்துப் பாரிஸ்–ரூபே. இது 1896இல் தொடங்கியது. கருங்கல் பாவிய பழம்பாதைகளில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் எலும்பு அதிர ஓட்டவேண்டும். வெற்றி பெற்றவனுக்கு அப்பாதையின் கல் ஒன்றையே பரிசாகத் தருகிறார்கள்! பின்னர் 1892இல் தோன்றிய லியேஜ் பந்தயம். மே திங்களில் இத்தாலியையும், ஜூலையில் பிரான்சையும், ஆகஸ்டு–செப்டம்பரில் ஸ்பெயினையும் மும்மூன்று வாரம் சுற்றும் பெரும்பந்தயங்கள். உலகப் போட்டி செப்டம்பரில். அக்டோபரில் லொம்பார்டியாவில் இலையுதிர் காலத்துப் பந்தயம். அத்துடன் பெரும்பந்தயங்கள் ஓயும்.

இவற்றுள் தலையாயது டூர் டி பிரான்ஸ். 1903இல் ஒரு செய்தித்தாள் தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய பந்தயம் இது. அம்முதலாண்டில் புறப்பட்டவர் 60 பேர். முடித்தவர் 21 பேர். அத்தாள் மஞ்சள் நிறத்தில் அச்சாயிற்று. 1919 முதல் முன்னணியில் உள்ளவனுக்கு மஞ்சட் சட்டை அணிவிக்கின்றனர். இத்தாலியப் பந்தயத்தை நடத்திய தாள் இளஞ்சிவப்பு. அங்கே சட்டையும் இளஞ்சிவப்பு. டூர் பந்தயம் 21 பகுதிகளாக நடைபெறும். மொத்தம் 3,300 கிலோமீட்டர் அளவு வரும். அன்றன்றைய ஓட்டம் நம் கடிகாரத்தில் இரவு ஒன்பது மணியளவில் முடியும். இரவு உணவை முடித்துக்கொண்டு அமர்ந்தால் கடைசி மலையேற்றத்தைக் காணலாம்.

அன்பர்களே! மிதிவண்டி ஓட்டுவது காலின் வேலை என்று நாம் எண்ணுகிறோம். சமவெளியில் விரைந்து செல்பவனுக்குப் பெரும்பகை தூரமன்று, களைப்புமன்று, காற்றே ஆகும். முன்னே செல்பவன் அக்காற்றைப் பிளந்துகொண்டு போகிறான். அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னே வருபவனுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகிறது. இவ்வொரு செய்தியைப் புரிந்துகொண்டால் இவ்விளையாட்டு முழுவதும் புரிந்துவிடும். ஓர் அணியில் எட்டுப் பேர். எழுவர் மாறி மாறி முன்னே நின்று காற்றை ஏற்பர். ஒருவனைப் பின்னே வைத்துக் காத்து, மலையடிவாரம் வரை கொண்டுவந்து சேர்ப்பர். அவர்களே பின்னே சென்று தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மீண்டும் முன்னே வருவர். தலைவனின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பர். பந்தயத்தைத் தோற்றுவித்த தெக்ராஞ் என்பவர் 1911இல் இங்ஙனம் பிறர்க்கு உதவிய வீரன் ஒருவனை இகழ்ந்து, 'வேலைக்காரன்' என்று எழுதினார். அப்பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் இன்று அதில் இகழ்ச்சி இல்லை, பெருமையே உண்டு.

இவ்வுண்மை எனக்குத் தொடக்கத்திலேயே விளங்கியதோ எனின், இல்லை. நான் முதலில் தொடர்ந்தது ஒரே ஒரு மனிதனை. அமெரிக்கராகிய லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் புற்றுநோயை வென்று எழுந்து, 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து மஞ்சட் சட்டையை வென்றார். அவர் மலையேறும்போது என் மூச்சும் ஏறும். வகுப்பிலே சோர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லி ஊக்கம் ஊட்டினேன். குறிப்பேடு ஒன்றில் ஒவ்வொரு நாளும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்வேழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. ஊக்கமருந்து உட்கொண்டே அவற்றைப் பெற்றார் என்பது தெளிவாயிற்று. 2013 ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். பெரியோர்களே, அயலான் ஒருவன் செய்த பொய்க்கு நாம் ஏன் வருந்தவேண்டும் என்று கேட்பீர்கள். என் வருத்தம் அவரைப் பற்றியது மட்டுமன்று. அவர் கதையை நான் சொல்லக் கேட்ட பிள்ளைகளின் முகங்கள் என் முன்னே வந்து நின்றன. குறிப்பேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி இப்பந்தயத்தைப் பாரேன் என்று உறுதி செய்துகொண்டேன்.

அவ்வுறுதி இரண்டு ஆண்டுகள் நின்றது. பின்னர் ஒருநாள் பழைய புகைப்படம் ஒன்றைக் கண்டேன். சாலையோரக் கற்சுவரின்மேல் ஓர் இளைஞன் அமர்ந்து அழுகிறான். அவனருகே முன்சக்கரம் இல்லாத மிதிவண்டி. அவன் பெயர் ரெனே வியெத்தோ. 1934ஆம் ஆண்டு டூர் பந்தயத்தில் அவனுக்கு வயது இருபது. கான் நகரத்து விடுதியில் ஏவல் செய்த சிறுவன், மலையேற்றத்தில் யாவரையும் வியக்கவைத்தான். பைரனீஸ் மலையில் அவன் அணித்தலைவர் ஆன்டொனின் மாஞ் விழுந்து சக்கரம் உடைந்தபோது, வியெத்தோ தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு உதவி வண்டிக்காகக் காத்திருந்தான். மறுநாளும் தலைவருக்கு இடர் நேர்ந்தது. முன்னே சென்றுவிட்டவன், இறங்கிவந்த மலையிலே திரும்பி ஏறிச்சென்று உதவினான். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாமிடம் பெற்றான். ஆயினும் பிரெஞ்சு மக்கள் நெஞ்சில் வைத்துப் போற்றியது அச்சுவரின்மேல் அமர்ந்திருந்தவனையே.

அப்படத்தைக் கண்ட அன்று பரண்மேலிருந்த குறிப்பேட்டை இறக்கினேன். அதில் இப்பொழுது மூன்று கட்டங்கள் உள்ளன. வென்றவன் யார்? அவனுக்காகக் காற்றை ஏற்றவன் யார்? கடைசியாக வந்தவன் யார்? கடைசியாக வருபவனை அந்நாட்டார் 'சிவப்பு விளக்கு' என்கின்றனர். தொடர்வண்டியின் கடைசிப் பெட்டியிலே தொங்கும் சிவப்பு விளக்கிலிருந்து வந்த பெயர் அது. இங்கே இரயில்வேயில் பணிபுரியும் அன்பர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அவ்விளக்கைக் கண்ட பிறகன்றோ வண்டி முழுமையாகக் கடந்தது என்று அறிகிறீர்கள்! குறித்த நேரத்துக்குள் வராதவனை மறுநாள் ஓட்டவிடமாட்டார்கள். ஆதலால் கடைசியாக வருபவனும் நாள்தோறும் போராடியே வருகிறான்.

இம்மூன்று கட்டங்களைக் கொண்டு பார்த்தபோது, பந்தயமே வேறாகத் தெரிந்தது. 2025 மே 31 அன்று இத்தாலியப் பந்தயத்தின் கடைசி மலைநாள். சைமன் யேட்ஸ் என்னும் ஆங்கில வீரர் காலையில் மூன்றாம் இடத்தில் இருந்தார். ஃபினெஸ்ட்ரே என்னும் அம்மலையிலேதான் 2018இல் அவர் இளஞ்சிவப்புச் சட்டையை இழந்திருந்தார். அன்று அதே மலையில் மற்றவரைப் பிரிந்து தனியே சென்றார். மலைக்கு அப்பால் பள்ளத்தாக்கில் தனியனாகக் காற்றோடு போராடியிருந்தால் பிடிபட்டிருக்கக்கூடும். ஆனால் அவருக்கு முன்பே சென்றிருந்த அவர் அணியினர் வூட் வான் ஆர்ட் அங்கே காத்திருந்தார். தாமே பல பெரும்பந்தயங்களை வென்ற அவர், தம் முதுகின் பின்னே யேட்ஸை வைத்து இழுத்துச் சென்றார். யேட்ஸ் அப்பந்தயத்தையே வென்றார். என் குறிப்பேட்டில் இரண்டு பெயர்களும் ஒரே அளவான எழுத்தில் உள்ளன.

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி. 2022 முதல் பெண்களுக்கும் டூர் பந்தயம் புத்துயிர் பெற்று நடைபெறுகிறது. 2024இல் எட்டுப் பகுதிகளின் முடிவில் போலந்து நாட்டுக் கதார்சினா நியெவியதோமா வென்ற இடைவெளி எவ்வளவு தெரியுமா? நான்கே நொடிகள்! ஆல்ப் துவே என்னும் மலையுச்சியில் அது முடிவாயிற்று. அம்மலையை நாம் எளிதில் மனத்தில் கொள்ளலாம். திருப்பதியிலிருந்து திருமலைக்கு 1944இல் திறக்கப்பெற்ற மலைப்பாதையை நாம் அறிவோம். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வளைந்து வளைந்து, 700 மீட்டர் அளவு உயர்கிறது. ஆல்ப் துவேயில் பதினான்கு கிலோமீட்டருக்குள் 1,100 மீட்டர் உயரம் ஏறவேண்டும். 21 கொண்டையூசி வளைவுகள். அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறிய கால்களுக்கு இவ்வேறுபாடு விளங்கும். அதையும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகே அவர்கள் ஏறுகிறார்கள்.

இனி, நான் சொல்ல வந்த செய்தியைச் சொல்லி அமைகிறேன்.

1987ஆம் ஆண்டு. எங்கள் தந்தையார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆரணியிலிருந்து பிழைப்புக்காகச் சித்தூர் வந்த குடும்பம் எங்களுடையது. என் தமையனார் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, வாடகை மிதிவண்டிக் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். எனக்குத் திருப்பதியில் கல்லூரியில் இடம் கிடைத்தது. கையில் இருந்த பணம் கட்டணத்துக்கு மட்டுமே போதும். இருவர் பேருந்தில் செல்லப் போதாது. கடை முதலாளியைக் கேட்டு இரண்டு மிதிவண்டிகளை வாங்கினார் அண்ணன். எழுபது கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டுப் பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்து, பணத்தைக் கட்டினோம்.

மறுநாள் திரும்பும்போது ஆடிக் காற்று. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்களே, அக்காற்று மேற்கிலிருந்து எங்கள் முகத்தில் அறைந்தது. அண்ணன் முன்னே சென்றார். "என் பின்னாலேயே வா, சக்கரத்தைவிட்டு விலகாதே" என்றார். கல்லூரி மாணவன் ஆகிவிட்ட செருக்கிலே, நான் முன்னே செல்ல இருமுறை முயன்றேன். இருமுறையும் கடிந்து பின்னே தள்ளினார். மூத்தவன் என்னும் அதிகாரத்தைக் காட்டுகிறார் என்று மனத்துக்குள் புழுங்கினேன். வீடு சேர்ந்ததும் அவர் திண்ணையில் படுத்தவர் மாலை வரை எழவில்லை. நானோ நண்பர்களிடம் கல்லூரிக் கதை சொல்லப் புறப்பட்டுவிட்டேன்.

அன்பர்களே! அன்று அவர் எனக்கு முன்னே சென்றதன் பொருள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, பிரான்சு நாட்டுச் சாலையொன்றைத் திரையிலே பார்த்துக்கொண்டிருந்த இரவில்தான் எனக்குப் புலப்பட்டது. காற்றியலை அவர் எந்நூலிலும் கற்றதில்லை. தம்பி களைக்கக் கூடாது என்பது ஒன்றே அவர் அறிந்தது. மறுநாட் காலையில் அவர் வீட்டுக்குச் சென்றேன், சொல்ல முயன்றேன். "அதெல்லாம் எதற்கு இப்போது? காப்பி குடி" என்றார்.

நம் குடியிருப்பில் இத்தகைய கதை இல்லாத வீடு உண்டோ? ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தில், ஒருவர் படிப்பை விட்டிருப்பார். ஒருவர் நகையைக் கழற்றியிருப்பார். ஒருவர் திருமணத்தைத் தள்ளிவைத்திருப்பார். அவர்கள் முதுகின் மறைவிலே வந்தவர்கள் நாம் மேடையில் நிற்கிறோம்.

மாணவச் செல்வங்களே! நம் நாட்டவரும் இப்பாதையில் அடியெடுத்து வைத்துவிட்டனர். 2016இல் தோகா உலகப் போட்டியில் நவீன் ஜான் முதலிய இந்தியர் ஓட்டினர். 2026 ஜனவரியில் புனே நகரைச் சுற்றிப் பன்னாட்டு வீரர்கள் பங்குகொண்ட பலநாட் பந்தயம் நடைபெற்றது. நாளை உங்களுள் ஒருவர் மஞ்சட் சட்டை அணியலாம், அணியுங்கள். ஆனால் ஒரு வீரனைப் போற்றுமுன், அவனுக்கு முன்னே சென்றவன் யார் என்று கேட்கப் பழகுங்கள். வென்றவன் பொய்த்துப்போனாலும் அக்கேள்வி உங்களை ஏமாற்றாது.

என் தமையனார் இவ்வவையில் இல்லை. விழாவுக்கு வந்திருக்கிறார், பின்புறம் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார். உரை நீண்டால் சோறு ஆறிவிடும் என்று ஏற்கெனவே ஆள் அனுப்பிவிட்டார்.