தனித்து நிற்கும் தகுதி



'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்பது நம் முதியோர் வாக்கு. பிள்ளையின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். ஓர் அமைப்பின் வளர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது? திறந்த மூல மென்பொருளை ஆக்கும் குழு ஒன்று, தன்னைப் பேணிய நிறுவனத்தைப் பிரிந்து இயங்கும் தகுதியை எய்திற்று என எப்போது துணிவது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். காலத்திற்கு முன் பிரிந்தால் குழு சிதறும். பிரியாமலே இருந்தால், நிறுவனம் கைவிடும் நாளில் பணியும் அழியும்.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதியை மூல நிரல் என்கிறோம். அதனை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவதே திறந்த மூல மென்பொருள். அதனை ஆக்குவோருள் சிலர் ஊதியம் பெறுவர்; பலர் ஆர்வத்தால் உழைப்பர்.

மொசில்லாவின் வரலாற்றைக் காண்போம். அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூல நிரலை 1998 மார்ச் 31 அன்று உலகுக்குத் திறந்து வைத்தது. அப்பணியை நடத்த எழுந்ததே மொசில்லா குழு. மறு ஆண்டில் நெட்ஸ்கேப், ஏ.ஓ.எல். நிறுவனத்தின் கைக்கு மாறியது. குழுவினருள் பலர் அங்கேயே ஊதியம் பெற்றனர். எனினும், நிரலின் எப்பகுதிக்கு எவர் பொறுப்பு, எத்திருத்தத்தை ஏற்பது என்பவற்றைக் குழுவே முடிவு செய்யும் வழக்கம் படிப்படியாக வேரூன்றியது.

2001-இல் சோதனை வந்தது. தலைமைப் பொறுப்பில் இருந்த மிட்செல் பேக்கர் அம்மையாரை நிறுவனம் வேலையினின்று நீக்கியது. அவரோ ஊதியமின்றியே பணியைத் தொடர்ந்தார். குழுவினரும் அவரையே தலைவராகக் கொண்டனர். அவர்தம் தலைமை, உடன் உழைப்போரின் நம்பிக்கையில் நின்றது என்பது அன்று தெளிவாயிற்று. குழு பக்குவமடைந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

2003 ஜூலையில் ஏ.ஓ.எல். தன் நெட்ஸ்கேப் உலாவிப் பிரிவைக் கலைத்தது. அதே வேளையில் மொசில்லா அறக்கட்டளை தோன்றியது. ஏ.ஓ.எல். 20 லட்சம் டாலர் அளிக்க உறுதி கூறியது. பெயருரிமையும் அறக்கட்டளைக்கு வந்தது. 2004 நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸ் 1.0 வெளிவந்தது. அடுத்த மாதம், ஆயிரக்கணக்கான அன்பர்களின் நன்கொடையால், அவர்தம் பெயர்களையே தாங்கிய விளம்பரம் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் வெளியாயிற்று.

இதிலிருந்து நாம் கொள்ளும் அளவுகோல்கள் நான்கு. ஒன்று, தலைமைக்கு உடன் உழைப்போரின் ஒப்புதல் இருத்தல். இரண்டு, தாய் நிறுவனத்தின் இசைவை எதிர்பாராமல் புதிய பதிப்பை வெளியிடும் திறன். மூன்று, பெயரும் சின்னமும் குழுவின் உடைமையாதல். நான்கு, ஒரே கையை நம்பாத பொருள் வரவு. ஆள்தொகையை நாம் இவற்றுள் சேர்க்கவில்லை. ஆயிரம் பேர் கூடியும் முடிவெடுக்கத் தெரியாத கூட்டம் உண்டு.

1999-இல் அமைந்த அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை, 2002 முதல் புதிய குழுக்களைப் பயிற்சி நிலையில் வைத்துப் பார்த்த பின்னரே முழுநிலை வழங்குகிறது. தாமே பதிப்பை வெளியிடுகின்றனரா, ஒரு நிறுவனத்தார் மட்டுமே நிறைந்துள்ளனரா என்று அங்கும் ஆராய்கின்றனர்.

நான்காம் அளவுகோலில் மொசில்லா முழுத் தேர்ச்சி பெறவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. பிற்காலத்தில் அதன் வருவாயின் பெரும்பகுதி கூகுள் தேடுபொறி ஒப்பந்தத்தால் வந்தது. ஒரு கையை விட்டவர் மறு கையைப் பற்றியது போன்ற நிலை அது. ஆகவே விடுதலை பெற்ற பின்னும் இந்த அளவுகோல்களைக் கீழே வைத்துவிடலாகாது.

இளைஞர்களே! கணிப்பொறி பயிலும் நீங்கள் இத்தகைய குழுக்களில் பங்கு கொள்ளுங்கள். மூல நிரலைப் படிக்க எவர் பரிந்துரையும் வேண்டா. சேருமுன் அங்கு முடிவெடுப்போர் யார், பெயரும் பணமும் யார் கையில் என்று கேளுங்கள். சேர்ந்தபின் சிறு பொறுப்பையேனும் ஏற்றுப் பழகுங்கள். மொசில்லா குழுவினர் 2003-இல் நிலைகுலையாமல் நின்றது, அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் முடிவெடுத்துப் பழகியதால்தான். அப்பழக்கம் நம்மிடத்தும் வளர்க!