வெள்ளையடித்தால் போதுமா?

நடுவர் அவர்களே! எதிரணியில் பர்சைத் தடவிக்கொண்டே அமர்ந்திருக்கும் நண்பர்களே!

'இழப்பிலிருந்து குடும்பத்தை மீட்பது பணமா? மனமா?' இதுதானே தலைப்பு? எனக்கு முன்னால் பேசிய நண்பர் அடித்துச் சொன்னார்: "காசை வீசினால் எரிந்த வீடும் எழுந்து நிற்கும்" என்று. ஐயா, நீங்கள் எரிந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். நான் அதற்குள் நின்றவள். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு அடுப்படி எரிந்தது.

பஜ்ஜிக்கு எண்ணெய் காய வைத்தேன். போன் அடித்தது. எடுத்தால் எங்க அக்கா! அக்காவும் தங்கச்சியும் பேச ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று நடுவருக்கே தெரியும். (சிரிப்பு) திரும்பி வந்து பார்த்தால் வாணலியில் தீ! என் வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். கல்யாணமாகி 15 வருஷத்தில் அவர் தண்ணிக்குடம் தூக்கியது அன்றைக்குத்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

என் மாமியார் கத்தினார்கள்: "டேய், ஊத்தாதடா!" ஏன் தெரியுமா? கொதிக்கிற எண்ணெய்க்குள் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி எறியும். அடுப்பை அணைத்து, வாணலியை மூடியால் மூடுவதுதான் வழி. நாங்கள் மூடுவதற்குள் மேலே பரணில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் பிடித்துக்கொண்டன. மெயினை அணைத்துவிட்டு வெளியே ஓடினோம். 101-க்குப் போன் செய்தோம். தீயணைப்பு வண்டி வந்தது. புண்ணியம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளே என் வீட்டுக்காரர், உங்க கட்சிக்காரர்தான் ஐயா, பணத்தை எடுத்தார். பெயிண்டர் வந்தார். இரண்டே நாளில் சுவர் பளிச்சென்று வெள்ளை! பத்தாவது நாள் பார்த்தால், வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சள் மஞ்சளாகக் கறை எட்டிப் பார்க்கிறது. கூடவே புகை நாற்றம்.

பெரிய கொத்தனார் ஒருவர் வந்து சிரித்தார். "ஏம்மா, கரியைத் துடைக்காம வெள்ளையடிச்சா, கரி சும்மா இருக்குமா?" அவர்தான் வரிசை சொல்லிக் கொடுத்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முதலில் காய்ந்த பிரஷ்ஷால் கரியைத் தட்டணும். எடுத்த எடுப்பில் ஈரத்துணி போட்டால் எண்ணெய்க் கரி சுவருக்குள் அப்பிக்கொள்ளும். அப்புறம் சோப்புத் தண்ணீரால் கீழிருந்து மேலாகக் கழுவணும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற அழுக்கு கோடு விழும். நல்ல தண்ணீர் விட்டு, நன்றாகக் காயவிட்டு, கறையை அடைக்கும் பிரைமர் அடித்து, கடைசியில்தான் பெயிண்ட்.

எலெக்ட்ரீஷியன் வந்து, சூட்டில் உருகிய ஒயரை மாற்றிய பிறகே மெயினைப் போட்டோம். காஸ் மெக்கானிக் பார்த்து, டியூபையும் ரெகுலேட்டரையும் மாற்றிய பிறகே சிலிண்டர். எவர்சில்வர் பாத்திரம் தேய்த்தால் பிழைத்தது. பருப்பு, மசாலா, பிரிக்காத பாக்கெட் என்று சூடும் புகையும் பட்ட எதையும் மிச்சம் வைக்கவில்லை. குக்கரில் காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் புதுசு.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால், கழுவுவதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்து வையுங்கள். ஆனால் ஐயா, அடுப்படி புதுசாச்சு. நான்? தீக்குச்சி கிழித்தாலே கை நடுங்கும். ஒரு மாதம் அடுப்புப் பக்கம் போகவில்லை. "போனது போகட்டும்" என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் வெள்ளையடிப்புதானே! உள்ளே கரி அப்படியே இருந்தது.

ஒருநாள் விடியற்காலை அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "உன்மேல மட்டும் தப்பில்லம்மா. அடுப்புக்கு மேல பிளாஸ்டிக் டப்பாவை அடுக்கினவ நான்தான். இத்தனை நாளா சொல்ல வாய் வரல" என்றார்கள். நான் அழுதேன். அவர்களும் அழுதார்கள். அன்றைக்குத்தான் ஐயா, எங்கள் வீட்டில் கரியைத் துடைத்தோம்! (பலத்த கைதட்டல்)

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டே அத்தை அடுப்பைப் பற்ற வைத்தார்கள். புது வீட்டுக்குக் காய்ச்சுகிற மாதிரி பால் காய்ச்சினோம். அது பொங்கும்வரை இரண்டு பேரும் நகரவில்லை. இன்றைக்கும் அடுப்பருகே ஒரு மூடி தயாராக இருக்கிறது. பரணில் ஒரு டப்பா கிடையாது. அடுப்பு எரியும்போது போன் அடித்தால், அக்காவே ஆனாலும் எடுப்பதில்லை! (சிரிப்பு)

சுவருக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தது பணம். என்னை அந்தச் சுவருக்குள் திரும்ப அழைத்துப் போனது என் மாமியாரின் மனம். ஆகவே நடுவர் அவர்களே, மனமே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள்.