தத்தனார் செய்த காவல்

திருச்சிற்றம்பலம்.



கூடுவாஞ்சேரி நந்திவரத்தில் எழுந்தருளியுள்ள நந்தீசப் பெருமான் திருமுன், மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றின் ஒரு பகுதியை இன்று சிந்திப்போம்.

திருக்கோவலூரில் இருந்து அரசாண்டவர் மெய்ப்பொருளார். போரில் அவரை வெல்ல மாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிய வேடத்தில் வந்து, சுவடிக் கட்டில் மறைத்த படைக்கலத்தால் குத்தினான். காவலர் தத்தனார் வாளை உயர்த்தினார். சாயும் நிலையிலும் நாயனார் தடுத்து, அவனைத் தீங்கின்றி ஊர் எல்லை கடத்திவிடப் பணித்தார்.

நாயனாரின் பொறுமையை நாம் போற்றுகின்றோம். தத்தனாரின் பணியை எண்ணுவதில்லை. செய்தி அறிந்து ஊரே திரண்டு வழிமறித்தது. அக்கூட்டத்தின் சினம் பொய்ச்சினம் அன்று. தத்தனார் நெஞ்சிலும் அதுவே எரிந்தது. ஆயினும் கொலைஞனுக்கும் கூட்டத்துக்கும் இடையே அவர் நின்றார், அரசர் ஆணையைச் சொன்னார், மக்கள் விலகினர். எல்லை கடத்தித் திரும்பிய அவர் செய்தி சொல்லும் வரை நாயனார் உயிர் தாங்கியிருந்தார்.

இதுவே அமைதித் தொண்டு. வேண்டியவனைக் காப்பது எளிது. வெறுக்கப்படுபவனைக் காப்பது அரிது.

வினோபா அடிகள் 1957-இல் கேரளத்தில் சாந்தி சேனையைத் தொடங்கியபோது, தொண்டர் அமைதிக் காலத்தில் ஊருக்கு உழைக்க வேண்டும், கலகக் காலத்தில் நடுவே செல்ல வேண்டும் என்று வகுத்தார். முன்னது இன்றிப் பின்னது கைகூடாது. அன்றாடம் அறிந்த முகத்துக்கே கூட்டம் வழிவிடும்.

1982 மார்ச்சில் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில், அம்மன் கோயில் விழாக் காலத்தில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. நம் சைவ மடத்துத் தலைவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார் அங்குச் சென்று, இரு சமயத்தாரிடையேயும் அமைதிப் பணி ஆற்றினார். திருநீற்றுக்கு அது பெருமையேயன்றி இழுக்கன்று.

விழாக் கூட்டத்தில் ஒரு கைகலப்பு எழக்கூடும். ஒரு வதந்தி தெருவுக்குத் தெரு ஓடக்கூடும். அப்போது நடுவே செல்லும் இளைஞனை இரு புறத்தாரும் ஏசுவர், அடியும் விழலாம், சொந்தத் தெருவே துரோகி என்னும். அவனைப் பெற்றோரே, தடுக்காதீர்கள். பெரியோரே, அவனைத் தனியே விடாது உடன் செல்லுங்கள். தேர்வடம் பிடிப்பது தொண்டானால், ஓங்கிய கையைப் பிடிப்பதும் தொண்டே.

திருச்சிற்றம்பலம்.