கடலோர ஊர்களுக்கு ஏற்ற பருவம் எது?

(கொல்கத்தா கரியாஹாட்டில், தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



பூஜைக்கு முந்திய வாரங்களில் கரியாஹாட் சந்திப்பைக் கடப்பது எளிதன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ராஷ்பிகாரி அவென்யூ நடைபாதைகளில் புடவைக் கடைகளின் முன் நிற்கும் குடும்பங்கள் துணியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பூரிக்கு டிக்கெட் கிடைத்ததா, தீகாவில் அறை கிடைத்ததா என்பதும் அங்கேயே பேசப்படுகிறது. வங்காளியரின் பயண ஆர்வம் நாடறிந்தது. ஆனால் கடற்கரைக்கு எப்போது செல்வது என்பதை அவர்கள் வானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. விடுமுறைப் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். தமிழராகிய நாமும் இதில் வேறுபட்டவர்கள் அல்லோம். வானத்தின் நாட்காட்டியும் அலுவலக நாட்காட்டியும் எவ்வளவு தூரம் முரண்படுகின்றன என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வங்கக் கடலில் புயற்பருவங்கள் இரண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஒன்று. அம்மழை விலகும்போது தொடங்கி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. இடைப்பட்ட மாதங்களில் மழையும் கொந்தளிப்பும் நிலவும். இம்மாநிலத்தின் நீண்ட பள்ளி விடுமுறைகளும் இரண்டே: மே மாதக் கோடை விடுமுறை, அக்டோபரை ஒட்டிய பூஜை விடுமுறை. இவ்விரண்டும் ஏறத்தாழ அப்படியே அவ்விரு புயற்பருவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன!

இது வெறும் அச்சமன்று. மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். 2009 மே 25-இல் ஐலா, 2019 மே 3-இல் பூரி அருகே ஃபானி, 2020 மே 20-இல் அம்பன், 2021 மே 26-இல் யாஸ், 2024 மே 26-இல் ரெமால் என, வடவங்கக் கடலோரம் அடுத்தடுத்து அடிபட்டது. அக்டோபரின் கணக்கு இன்னும் பழையது. 1864 அக்டோபர் 5-ஆம் நாள் இந்நகரையே தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர் என்பர். அந்தப் பேரழிவுக்குப் பின்னரே துறைமுகப் புயல் எச்சரிக்கை முறையும், 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் தோன்றின. அத்துறையின் முதல் தலைமையகம் இந்நகரில்தான் இருந்தது. ‘சைக்லோன்’ என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டனும் இங்கு வாழ்ந்தவரே. புயலுக்குப் பெயர் சூட்டிய நகரம் புயல் மாதத்திலேயே கடலுக்குப் புறப்படுவது விந்தைதான்.

1942 அக்டோபர் 16-ஆம் நாள், துர்கா பூஜை நாட்களிலேயே, மேதினிப்பூர்க் கடலோரத்தைப் புயலும் கடற்பெருக்கும் சூறையாடின. இன்றைய தீகாவை உள்ளடக்கிய காந்தி வட்டாரமே பெருஞ்சேதமுற்றது. பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர்க்காலத் தணிக்கையால் அச்செய்தி வெளியுலகை அடைவதே தாமதமாயிற்று. எழுபத்தோராண்டுகள் கழித்து, 2013 அக்டோபர் 12-ஆம் நாள், அதுவும் பூஜை அஷ்டமியன்று, கோபால்பூர் அருகே ஃபைலின் புயல் கரையைக் கடந்தது. ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டமையால் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. பருவம் மாறவில்லை, முன்னறிவிப்பும் நிர்வாகமும் மாறின.

அப்படியானால் பூஜைக்குப் பூரி செல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பின் வானம் தெளிந்து, காற்றும் இதமாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் செல்பவர் மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே அலிப்பூர் வானிலை நிலையத்தின் அறிவிப்பைக் கவனித்து, தேவையானால் பயணத்தைக் கைவிடும் மனத்தோடு செல்ல வேண்டும். 2019-இல் ஃபானியின்போதும், 2024 அக்டோபரில் டானா புயலின்போதும் பூரிக்கு வந்திருந்த பயணிகள் ஊரைவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று அறையில் தங்கிவிடுபவர், தம்மைத் தேடி வரவேண்டிய மீட்புப் பணியாளரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

மாதத்தை மட்டும் தேர்ந்தால் போதாது. திதியையும் பார்க்க வேண்டும். சோதிடம் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஹூக்ளி முகத்துவாரத்திலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 4 மீட்டருக்கும் மேல். இங்கே ஜோவார், பாட்டா என்று நாள்தோறும் கேட்கும் சொற்களின் பொருள் இதுவே. பழைய தீகாவில் நீர் ஏறிய வேளையில் மணற்பரப்பே இராது. அலை நேரே தடுப்புச் சுவரில் மோதும். நீர் வற்றிய வேளையிலோ நெடுந்தூரம் நடக்கலாம். யாஸ் புயல் பௌர்ணமி நாளில் வந்ததால்தான் கடல் சுவரைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. நல்வாய்ப்பாக, அப்போது நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் அங்கே பயணிகள் கூட்டம் இல்லை. பூரியின் இடர் வேறு வகையானது. அங்கே கரை செங்குத்தாகச் சரிகிறது. அலை திரும்பும்போது காலை இழுக்கும். ஆனி, ஆடியில் தேர்த் திருவிழாவுக்குச் செல்வோர் கடலில் இறங்குவதானால், நுலியா எனப்படும் மீனவர்களின் துணையின்றி இறங்கலாகாது. அலையின் போக்கு அவர்களுக்கு வழிவழியாகத் தெரிந்த பாடம்.

எஞ்சி நிற்பது டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி இறுதி வரையிலான காலம். மழை அரிது, வடவங்கத்தில் புயல் மிக அரிது, வெயிலும் பொறுக்கத்தக்கது. காலை மூடுபனியால் வண்டி தாமதமாகலாம், அவ்வளவே. ஆயினும் இப்பருவத்திற்கு வேறொரு உரிமையாளர் உண்டு. தீகா, சங்கர்பூர், மந்தார்மணி வட்டாரங்களில் மீனவர்கள் வாளை, லோட்டே முதலிய மீன்களை மணலில் உலர்த்துவது இதே வறண்ட மாதங்களில்தான். அக்களங்களைக் கொட்டி என்பர். பயணிக்கு அந்த நெடி பிடிப்பதில்லை. விடுதி உரிமையாளருக்கு அந்த இடம் தேவைப்படுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை, அதன்பின் மழைக்காலம். எனவே குளிர்கால மணற்பரப்பு அம்மக்களுக்கு ஆண்டு வருவாயின் பெரும்பகுதி. நல்ல பருவத்தைத் தேடிச் செல்பவர், அந்தக் களங்களை அப்புறப்படுத்த வேண்டிய குப்பையாகக் கருதாதிருப்பது நலம்.

கூட்டத்தைப் பரவச் செய்வதும் திட்டமிடுவோரின் கவனத்திற்கு உரியது. பூஜை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என ஓரிரு வாரங்களில் குவியும் கூட்டத்திற்காகக் கட்டப்படும் அறைகள் ஏனைய வாரங்களில் காலியாகக் கிடக்கின்றன. அறை துடைக்கும் பணியாளருக்கும், சங்குப் பொருள் விற்கும் பெண்ணுக்கும், வண்டி ஓட்டுபவருக்கும் வருவாய் அதே வாரங்களோடு நின்றுவிடுகிறது. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் மட்டும் உச்ச நாளின் சுமையைத் தாங்கியாக வேண்டும். 2025 ஏப்ரல் 30-இல் தீகாவில் ஜகந்நாதர் கோயில் திறக்கப்பட்ட பின் இந்நெருக்கடி திருவிழா நாட்களுக்கும் பரவுகிறது.

அலுவலர்களுக்கு ஒரு யோசனை. ஜனவரி 23 நேதாஜி பிறந்த நாள். 26 குடியரசு நாள். இடையில் இரண்டே நாட்கள். இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் நான்கு நாட்கள் கிடைக்கும். பள்ளி ஆண்டு தொடங்கி மூன்று வாரங்களே ஆகியிருக்கும் என்பதால் பிள்ளைகளின் படிப்பும் பெரிதாகக் கெடாது. விடுமுறைப் பயணச் சலுகை பெறுவோர் அதனை அக்டோபரிலேயே செலவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கடைசியாக, என் அண்டை வீட்டு வங்காள நண்பர் கேட்ட கேள்வி. பூஜை விடுமுறையில் புதுச்சேரியும் கன்னியாகுமரியும் பார்த்துவர அவர் குடும்பத்தோடு விரும்பினார். இங்கே மழை முடிந்துவிட்டதே, தெற்கே இன்னும் வெயிலாக இருக்கும் என்பது அவர் கணக்கு. கடல் ஒன்றுதான், ஆனால் இங்கு மழை விலகிய சில நாட்களில், அக்டோபர் 20-ஐ ஒட்டி, அங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது என்பதை அவருக்கு எடுத்துரைத்தேன். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவைத் தாக்கியதும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரியை மூழ்கடித்ததும் இப்பருவத்தில்தான். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகும் விடமாட்டார்கள். நண்பர் கேட்கவில்லை, சென்றார். நான்கு நாட்களில் மூன்று நாட்கள் விடுதிச் சன்னல் வழியே மழையைப் பார்த்துத் திரும்பினார். சென்ற பொங்கலன்று எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் உண்ணும்போது, ஜனவரி 22 இரவு வண்டிக்குத் தமக்குப் பயணச்சீட்டு உறுதியாகிவிட்டதாகக் கூறினார்.