பெயரிடலும் பெயர் விடலும்



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பெயரைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கிறேன். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நன்னூலார் வகுத்துக் காட்டிய மரபில் வந்தவர்கள் நாம். ஆதலின், கட்டற்ற மென்பொருள் ஒன்று மூன்று பெயர்களைத் தாங்கிய வரலாறு நமக்கும் உரியதே.

1998ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை உலகோர்க்குத் திறந்து வைத்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இவ்வாறு மொசில்லா திட்டம் பிறந்தது. அத்திட்டத்தார் சிலர் ஆக்கிய எளிய உலாவி 2002 செப்டம்பரில் வெளிவந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘பீனிக்ஸ்’. சந்தையில் வீழ்ந்த நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த பறவை என்பது கருத்து. காரணப்பெயர்க்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆயினும் அப்பெயர் முன்னரே ஒருவர்க்கு உரியதாயிருந்தது. கணிப்பொறியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை நிரல்களை ஆக்கும் பீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம் தன் வணிக முத்திரையைச் சுட்டி மறுப்புத் தெரிவித்தது. 2003 ஏப்ரலில் உலாவியின் பெயர் ‘பயர்பேர்டு’ என்று மாறிற்று. தீப்பறவை என்பது அதன் பொருள். கவிஞர்கள் இதனை உற்று நோக்க வேண்டும். சொல்லை மாற்றியவர்க்கு உருவகத்தைக் கைவிட மனம் வரவில்லை.

அந்தப் பற்றே அடுத்த இடருக்கு வழிவகுத்தது. 2000ஆம் ஆண்டில் திறந்துவிடப்பட்ட இன்டர்பேஸ் நிரலிலிருந்து கிளைத்த தரவுத்தள மென்பொருள் ஒன்று ஏற்கெனவே பயர்பேர்டு என்னும் பெயரில் வழங்கி வந்தது. அதுவும் கட்டற்ற மென்பொருளே. அதன் அன்பர்கள் கொதித்தெழுந்தனர். முன்னர் மறுத்தது வணிக நிறுவனம். இப்போது முறையிட்டவர்களோ ஒரே கொள்கையுடைய தோழர்கள்.

மொசில்லா குழுவினர் முதலில் ஒரு சமாதானம் கண்டனர். ‘மொசில்லா பயர்பேர்டு’ என அடைமொழியோடு வழங்குவோம் என்றனர். இது நமக்குப் புதிதன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றும், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றும் ஊரும் தந்தையும் தொழிலும் சேர்த்துப் புலவர்களை இனம்பிரித்த மரபு நம்முடையது. ஏட்டில் அடைமொழி நிலைக்கும்; பேசும் வாயோ சுருக்கத்தையே விரும்பும். எனவே அச்சமாதானம் நிலைக்கவில்லை.

இறுதியில் அவர்கள் பறவையை விட்டனர்; தீயை வைத்துக்கொண்டனர். புதிய பெயரை முத்திரையாகப் பதிவு செய்ய முற்பட்டபின், 2004 பிப்ரவரி 9ஆம் நாள் ‘பயர்பாக்ஸ்’ என்று அறிவித்தனர். தமிழில் இதனை ‘நெருப்பு நரி’ என்று மொழிபெயர்த்து மகிழ்ந்தாரும் உண்டு. ஆங்கிலத்தில் அது செம்பாண்டாவுக்கு வழங்கும் மற்றொரு பெயர். சிக்கிம் மாநிலத்தின் விலங்காகிய அது நரியினத்தைச் சேர்ந்ததன்று. எனினும் உலாவியின் சின்னத்தில் இருப்பது நரியே. பெயர்க்காரணம் இன்று எத்தனை பேர்க்குத் தெரியும்? காரணப்பெயராகத் தொடங்கிய பயணம் ஏறத்தாழ இடுகுறியில் வந்து முடிந்தது. பெயர்க்குப் பொருளை ஏற்றியது வழக்கேயன்றி, இட்டவரின் கற்பனை அன்று.

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. டெபியன் இயங்குதளக் குழுவினர் அவ்வுலாவியைத் தம் தேவைக்கேற்பத் திருத்தி வழங்கி வந்தனர். மொசில்லாவின் சின்னம் கட்டற்ற உரிமத்தில் வழங்கப்படாமையால் அதனை விலக்கினர். சின்னமின்றியும், திருத்தங்களுக்கு ஒப்புதலின்றியும் பெயரைப் பயன்படுத்தலாகாது என மொசில்லா உரைத்தது. 2006இல் டெபியன் குழுவினர் ‘ஐஸ்வீசல்’ என்று புதுப்பெயர் இட்டனர். தீக்கு மாற்றாகப் பனி. நரிக்கு மாற்றாகக் கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கு! நகையோடு கூடிய அந்தப் பிணக்கு 2016இல் தீர்ந்து பழைய பெயரே மீண்டது.

நிரல் முழுவதையும் வாரி வழங்கியவர்கள் பெயரை மட்டும் ஏன் இறுகப் பற்றினர்? கருமித்தனம் என்று நான் கருதவில்லை. நிரலைப் பகிர்ந்தால் அது பெருகும். ஒரே பெயரைப் பலர் பலவற்றுக்கு இட்டால் பிழைக்குப் பொறுப்பேற்பார் யாரென அறியவியலாது. உங்கள் கவிதையைப் பலரும் பாடலாம், பாடவும் வேண்டும். அதனைத் திருத்தியெழுதி உங்கள் பெயரிலேயே ஒருவர் வெளியிட்டால் பொறுப்பீர்களா? அதே அளவுகோலால் பிறர் பெயரையும் நாம் மதிக்க வேண்டும். மொசில்லா குழுவினர் தம் பெயரைக் காத்ததைவிட, தோழர்களின் பெயரை அவர்களுக்கே விட்டுக்கொடுத்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

புனைபெயர் தேடும் இளங்கவிஞர்களே, இதழ்க்குப் பெயர் தேடும் நண்பர்களே, அழகிய சொல் கிட்டியதும் சற்றே பொறுங்கள். அச்சொல்லில் முன்னரே குடியிருப்பார் உளரோ என்று கதவைத் தட்டிப் பாருங்கள்.

பத்தாண்டுகள் ஒரே பெயரில் ஒன்றுகூடிய இவ்வட்டம் மேலும் பல்லாண்டு வாழ்க என வாழ்த்தி விடைபெறுகிறேன்.