இஞ்சியும் இனிப்புக் காடியும்

பிள்ளை பெற்ற தாயைப் பேணும் முறை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாய் அமைந்துள்ளது. சீன மக்கள் அதனை 'மாதம் இருத்தல்' என்பர். மகப்பேற்றின்பின் ஏறக்குறைய 30 நாட்கள் தாயானவள் வெளியே செல்லாள், அடுப்படிக்கும் செல்லாள். பேற்றினால் குருதி குன்றி உடல் குளிர்ந்துவிடுகிறது என்பது சீன வைத்தியத்தின் கொள்கை. ஆதலின் அவளுக்கு இடும் உணவுகள் யாவும் இழந்த வெப்பத்தை மீட்பதற்கென்றே அமைந்தவை.

தைவானில் இதற்கெனக் கோழியை இஞ்சியோடும் நல்லெண்ணெயோடும் அரிசி மதுவோடும் சமைப்பர். தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலும் ஹொங்கொங்கிலும் பெருவழக்காய் உள்ளது 'பன்றிக்கால் இஞ்சி' என்னும் பத்திய உணவு. முற்றிய இஞ்சி, பன்றிக்கால், கோழிமுட்டை, இனிப்புக் காடி ஆகிய நான்குமே அதன் சரக்குகள். காடி என்பது நாம் வினாகிரி என வழங்கும் பொருளே. அரிசியிலிருந்து வடித்த கருநிறக் காடியிற் சர்க்கரையும் வாசனைச் சரக்குகளும் சேர்த்து இனிப்புக் காடியை ஆக்குவர்.

ஒரு வீட்டுக்கு 1 கிலோ இஞ்சி, 2 லீற்றர் காடி, பன்றிக்கால் இரண்டு, முட்டை பத்துப் பன்னிரண்டு என்பது பொதுவான அளவு. இஞ்சியைத் தோல் சீவி, ஈரம் போக உலர்த்தி, அம்மிக்கல் போன்ற பாரமான ஒன்றினால் நசுக்குவர். பின்னர் எண்ணெயின்றி வெறுஞ்சட்டியில் வறுத்து, மட்பாண்டத்தில் இட்டு, காடியை ஊற்றி, ஒரு மணி நேரம் மெல்லிய தீயிற் காய்ச்சுவர். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரிக்கும். எனவே மட்பாண்டமே உகந்தது. இவ்வாறு காய்ச்சியதை மூடிவைத்து, இடையிடையே சூடாக்கி வருவர். நாட்செல்ல இஞ்சியின் காரம் தணிந்து, காடியிற் கலந்து ஊறும்.

பிள்ளை பிறந்தபின்னரே கால்கள் பானையிற் சேரும். மயிர் நீக்கித் துண்டாக்கிய கால்களைக் கொதிநீரில் இட்டெடுத்துக் கழுவி, காடியில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வேகவிடுவர். அவித்துக் கோது நீக்கிய முட்டைகளை இறுதியில் இட்டு, அடுப்பை அணைத்து, ஓர் இரவு ஊறவிடுவர். வெண்மையான முட்டை கபில நிறம் பெறும். பெரும்பாலும் பேற்றுக்குப்பின் 12ஆம் நாள் அளவில் தாய் இதனை உண்ணத் தொடங்குவாள். சுற்றத்தாருக்கும் அயலாருக்கும் கிண்ணங் கிண்ணமாய் அனுப்புவர். கிண்ணம் வந்து சேர்ந்தால், அவ்வீட்டிற் பிள்ளை பிறந்துள்ளது என்பது பொருள்.

இவ்வுணவின் பயன் யாது? காடியின் புளிப்பு எலும்பிலுள்ள கல்சியத்தில் ஒரு பகுதியைக் கரைக்கிறது. முட்டையும் இறைச்சியும் புரதம் அளிக்கின்றன. இவை உண்மையே. எனினும் காய்கறியையும் கனியையும் விலக்குதல், மாதம் முழுதும் நீராடாதிருத்தல், படுக்கையை விட்டு எழாதிருத்தல் ஆகிய பழைய விதிகளை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அசையாது கிடப்பின் காலிற் குருதி உறையும் அபாயமுண்டு. கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்ட பெண்ணுக்கு இனிப்புக் காடி மிகுதியாய் ஆகாது. வைத்தியர் சொற்கேட்டு அளவறிந்து உண்பதே முறை.

இவ்வுணவோடு ஒரு பழைய ஆசையும் ஒட்டியுள்ளது. கன்டன் மொழியிற் 'புளிப்பு' என்னும் சொல்லும் 'பேரன்' என்னும் சொல்லும் ஒரே ஒலியின. ஆகவே புளிப்பு உண்பது பேரனை வேண்டுவதற்கு அடையாளமாயிற்று. ஆண்மகவை வேண்டி நின்ற குடும்பங்களிற் பெண்மகவு பிறந்தபோது, வாழ்த்துக் குறைந்து, தாயின் முகமும் வாடியதுண்டு.

ஆனால் அந்தப் பானையை உற்று நோக்குவோருக்கு மற்றோர் உண்மை புலனாகும். இஞ்சியும் காடியும் அடுப்பேறுவது பேற்றுக்குச் சில வாரங்கள் முன்னராகும். பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்பதைப் பண்டைக்காலத்து மாமியார் எவரும் அப்போது அறியார். அறியாமலே இஞ்சி சீவினர். அறியாமலே தீ மூட்டினர். பானை காத்திருந்தது பேரனுக்காக அன்று. நொந்த உடலோடு எழப்போகும் ஒரு பெண்ணுக்காகவே. பெற்ற நோவில் ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை.

இன்று ஹொங்கொங்கின் சிறு வீடுகளில் மாமியார் உடன் இருப்பது அரிதாகிவிட்டது. இனிப்புக் காடி போத்தலிற் கிடைக்கிறது; சமைத்த உணவே கடையிலும் கிடைக்கிறது. கூலிக்கு அமர்த்தப்பெற்ற பெண்கள் வந்து சமைப்பதும் உண்டு. கணவனே இஞ்சி நசுக்கும் வீடுகளும் உள. கை எவருடையதாயினும் ஆகுக. அம்மாதம் முழுவதும் தாய் தனக்கெனத் தானே அடுப்பு மூட்டலாகாது என்பதே இவ்வழக்கத்தின் உயிர்நிலை. பழைய விதிகளிற் பல கழியலாம். இவ்வொன்று கழியாதிருத்தல் நன்று.